பூச்சாடியில் பூ சாயாமல் நிற்க: காம்புக்குப் பிடி கொடுக்கும் வழிகள்

கடையிலிருந்து வாங்கி வந்த ரோஜாக் கட்டைப் பிரித்து, தண்ணீர் ஊற்றிய கண்ணாடி ஜாடிக்குள் அப்படியே இறக்கிப் பாருங்கள். இருபது பூவும் நாலா பக்கமும் ஓடி விளிம்பில் சாய்ந்துகொள்ளும். நடுவில் ஒரு குழி விழும். கையால் ஒன்று கூட்டினால் கூடும், கையை எடுத்தால் மறுபடி பிரியும். பூ போதவில்லை என்று நினைத்து இன்னொரு கட்டு வாங்கிச் செருகுகிறோம். அப்போதும் அதே கதைதான், ஏனென்றால் குறை பூவில் இல்லை. காம்புக்குப் பிடி இல்லை.

ஒரு காம்பு ஜாடிக்குள் எத்தனை இடத்தில் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். விளிம்பில் ஓரிடம், அடியில் ஓரிடம், ஆக இரண்டு. இரண்டு இடத்தில் தொட்டால் காம்பு விழாது, ஆனால் விளிம்பின் மேல் இடமும் வலமுமாக வழுக்கிக்கொண்டே இருக்கும். பூத்தலை கனமாக இருந்தால் காம்பே உருண்டு, பூ முகம் திருப்பிக்கொள்ளும். மூன்றாவதாக ஒரு பிடி கிடைத்துவிட்டால் வைத்த இடத்தில் நிற்கும். டேப், கோழிவலை, ஊசித்தட்டு, குச்சி, இலைக்காம்பு என்று இனி வரும் எல்லாமே அந்த மூன்றாவது பிடிக்கான வழிகள். எது வசதி என்பதை ஜாடியின் வடிவம் சொல்லிவிடும்.

ஜாடியின் வாய், கழுத்து, அடி

கழுத்து ஒடுங்கி வயிறு பெருத்த ஜாடிக்குப் பிடி கூடவே வருகிறது. நம் வீட்டுப் பித்தளைச் செம்பும் சிறு குடமும் இந்த வகை. கழுத்தில் காம்புகள் நெருங்கி ஒன்றையொன்று பிடிக்கும், வயிற்றில் தண்ணீர் நிறைய நிற்கும், அடி கனமாக இருக்கும். 6 முதல் 8 செ.மீ. வாய் உள்ள செம்பில் ஒரு கட்டு ரோஜா வேறு எந்த உதவியும் இல்லாமல் நிற்கும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: எலுமிச்சையோ வினிகரோ கலந்த தண்ணீரைப் பித்தளையில் நேராக ஊற்றக் கூடாது. புளிப்பு உலோகத்தை அரிக்கும், மருந்துத் தண்ணீரின் குணமும் கெடும். உள்ளே அடங்கும் அளவில் ஒரு பிளாஸ்டிக் டம்ளரை வைத்து அதில் ஊற்றினால் போதும்.

நேர் உருளை ஜாடிதான் கடையில் அதிகம் கிடைக்கிறது, தொல்லையும் அதில்தான் அதிகம். வாய் எவ்வளவோ அடியும் அவ்வளவு என்பதால் காம்புகள் விலகிப்போக இடம் தாராளம். சதுர ஜாடியில் காம்புகள் நான்கு மூலைக்கும் ஓடும். ஊமத்தம்பூப் போல மேலே விரிந்த ஜாடியில் எல்லாம் வெளியே சாயும். இந்த மூன்றுக்கும் டேப் கட்டமோ வலையோ கையிலேயே கட்டிய சுருள் கட்டோ இல்லாமல் வேலை நடக்காது.

எடையையும் பாருங்கள். உள்விட்டம் 12 செ.மீ., உயரம் 25 செ.மீ. உள்ள உருளையில் முக்கால் அளவு ஊற்றினால் 2 லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும், அதாவது அடியில் 2 கிலோ எடை உட்கார்ந்திருக்கிறது. அதே உயரத்தில் விட்டம் 5 செ.மீ. என்றால் அரை லிட்டர்கூடப் பிடிக்காது. அதில் நீளக் காம்பு கிளாடியோலஸ் வைத்தால் கை பட்டதும் கவிழும். முதல் நாள் நன்றாக நின்ற ஜாடி மூன்றாம் நாள் தானாகக் கவிழ்வதும் இந்தக் கணக்கினால்தான்: பூ தண்ணீரைக் குடித்துவிடுகிறது, அடி லேசாகிறது, மேலே மொட்டுகள் விரிந்து தலை பரந்துவிடுகிறது. ஒல்லியான ஜாடிக்கு அடியில் நாலைந்து செ.மீ. கூழாங்கல் போடுங்கள். கண்ணாடியாக இருந்தால் முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, ஜாடியைச் சாய்த்துப் பிடித்து, கல்லை ஓரமாக வழுக்கி இறக்க வேண்டும். மேலிருந்து போட்டால் அடி விரிசல் விடும்.

விளிம்புக்கு மேலே தெரியும் பூவின் உயரம் ஜாடி உயரத்தின் ஒன்றரை மடங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கும் நன்றாக இருக்கும், கவிழவும் கவிழாது.

காம்பைத் தயார் செய்வது

தண்ணீர் ஏறாத காம்பு துவளும். துவண்ட காம்பை எந்தப் பிடியும் நிமிர்த்தாது. அதனால் பூவை வாங்கிய கையோடு ஜாடியில் வைக்காதீர்கள்.

ஓசூர்ப் பக்கத்திலிருந்து வரும் ரோஜாக்கள் பெரும்பாலும் 20 பூ கொண்ட கட்டாக, அட்டை சுற்றி வரும். ஜெர்பரா 10 பூவாக, தலைக்குத் தனித்தனி பிளாஸ்டிக் உறை மாட்டி வரும். அட்டையை உடனே பிரிக்க வேண்டாம். காம்பின் அடியில் 2 செ.மீ. அளவுக்குச் சாய்வாக வெட்டி, கட்டோடு ஆழமான வாளித் தண்ணீரில் நிழலில் குறைந்தது இரண்டு மூன்று மணி நேரம் நிறுத்துங்கள். அட்டை கழுத்தை நேராகப் பிடித்திருக்கும்போதே தண்ணீர் ஏறினால் பூ அப்படியே விறைத்து நிற்கும். ரோஜாவின் கழுத்து தொங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் வெட்டுவாயில் காற்றுக் குமிழி அடைத்துக்கொள்வது, அல்லது அழுக்குத் தண்ணீரில் பெருகிய கிருமி குழாயை அடைப்பது. தொங்கிய ரோஜாவைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. காம்பின் அடியைத் தண்ணீருக்குள் மூழ்க வைத்தே 3 செ.மீ. வெட்டி, செய்தித்தாளில் இறுக்கமாகச் சுருட்டி, கழுத்துவரை தண்ணீரில் ஒன்றிரண்டு மணி நேரம் நிறுத்தினால் பல பூ நிமிர்ந்துவிடும்.

வெட்டுவதற்குக் கூரான கத்தி நல்லது. காகிதக் கத்தரி காம்பை நசுக்கும், நசுங்கிய வாயில் தண்ணீர் ஏறாது. சாய்வாக வெட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: தட்டையாக வெட்டிய காம்பு ஜாடியின் அடியில் படிந்து வாயை மூடிக்கொள்ளும். சாய்வாக வெட்டியது நுனியில் நிற்கும், பக்கவாட்டில் தண்ணீர் எடுக்கும். கார்னேஷனைக் கணுவில் வெட்டாமல் இரண்டு கணுவுக்கு நடுவில் வெட்ட வேண்டும்.

தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஒரு இலைகூட இருக்கக் கூடாது. இலை அழுகினால் தண்ணீர் கொழகொழத்து, காம்பும் வழுக்க ஆரம்பிக்கும், பிடியும் தளரும். முள்ளைக் கையுறையாலோ கெட்டித் துணியாலோ உருவி எடுங்கள். பச்சைத் தோல் உரியும்படி சுரண்டினால் அந்தப் புண்ணிலிருந்தே அழுகல் தொடங்கும்.

தண்ணீருக்கு: 1 லிட்டருக்கு 1 தேக்கரண்டி சர்க்கரை, 2 தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, நாலைந்து துளி ப்ளீச். எலுமிச்சையைத் தண்ணீரில் நன்றாகக் கலக்கிய பிறகே ப்ளீச்சைச் சொட்டு விடுங்கள். இரண்டையும் தண்ணீர் இல்லாமல் நேருக்கு நேர் கலந்தால் குளோரின் வாயு வரும்.

டேப் கட்டம்

அகன்ற வாய் உள்ள கண்ணாடி ஜாடிக்கு இதைவிட மலிவான, சுத்தமான வழி கிடையாது. உள்ளே எதுவும் தெரியாது, வெளியேயும் கடைசியில் தெரியாது.

ஜாடி காய்ந்திருக்க வேண்டும். இந்த ஒரு வரியை விட்டுவிடுவதால்தான் பத்தில் பாதி கட்டம் பிய்த்துக்கொள்கிறது. தண்ணீரை முதலில் ஊற்றிவிட்டு டேப் ஒட்டினால் விளிம்பில் ஈரம், கையில் ஈரம், டேப் ஒட்டின மாதிரி இருந்து ஒரு மணி நேரத்தில் கழன்றுவிடும். விளிம்பை வினிகரோ ஸ்பிரிட்டோ தொட்ட துணியால் துடைத்து எண்ணெய்ப் பசையை நீக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

பூ அலங்காரத்துக்கென்று 6 மி.மீ. அகலத்தில் தண்ணீர் தாங்கும் டேப் விற்கிறது. அது கிடைக்காவிட்டால் சாதாரண செலோ டேப்பே போதும், ஆனால் அதன் முழு அகலமும் வாயை அடைத்துவிடும். பட்டையை நீளவாக்கில் உட்பக்கமாக மடித்து, இரண்டு நுனியிலும் ஒன்றரை செ.மீ. மட்டும் மடிக்காமல் விடுங்கள். மடித்ததால் பட்டைக்கு வலு கூடும், நடுவில் பசை இல்லாததால் காம்பு ஒட்டிக்கொண்டு இழுக்காது, நுனி மட்டும் ஜாடியில் ஒட்டும்.

12 செ.மீ. வாய்க்குக் குறுக்கே மூன்று, நெடுக்கே மூன்று. கட்டம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3 செ.மீ. வரும். பட்டையைக் கட்டில் கயிறு மாதிரி இழுத்து ஒட்ட வேண்டும். தொய்வாக இருந்தால் காம்பு சாயும்போது பட்டையும் கூடவே சாயும். நெடுக்கில் வரும் பட்டைகளை, பாய் பின்னுவது போல ஒன்றின் மேலும் அடுத்ததன் கீழுமாகக் கோத்தால் கட்டங்கள் விலகாது. நுனிகள் விளிம்புக்கு வெளியே 1 செ.மீ. மட்டும் இறங்கட்டும். அதற்கு மேல் இறங்கினால் பூவால் மறைக்க முடியாது. கடைசியாக, எல்லா நுனிகளின் மேலும் விளிம்பைச் சுற்றி ஒரு முழுச் சுற்று டேப். இந்தச் சுற்றுதான் பூட்டு. பிறகு ஒரு கட்டத்தின் வழியே சொம்பாலோ குழாயாலோ தண்ணீர் ஊற்றி, விளிம்புக்கு 2 செ.மீ. கீழே நிறுத்துங்கள்.

செருகும் வரிசை முக்கியம். முதலில் ஓரக் கட்டங்களில் இலைகள்: ஆஸ்பரகஸ், சிறிய அரேகா ஓலை, குரோட்டன், எது இருக்கிறதோ அது. காம்பைச் செங்குத்தாக இறக்காமல், இந்த ஓரத்தில் நுழைத்து எதிர் ஓரத்தின் அடியில் போய் முட்டும்படி சாய்த்து இறக்குங்கள். சுற்றிலும் ஆறேழு இலைக்காம்பு இப்படி இறங்கினால் தண்ணீருக்குள் அவை ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஒரு கூண்டு உருவாகும். இப்போது ஒவ்வொரு காம்புக்கும் கட்டத்தில் ஒரு பிடி, கூண்டில் ஒரு பிடி, அடியில் ஒரு பிடி. அடுத்து ஓரப் பூக்கள், அதே சாய்வில், தலை விளிம்பைத் தாண்டி டேப்பை மறைக்கும்படி. நடுக் கட்டங்களைக் கடைசிக்கு வைத்து, இருப்பதில் நேரான காம்புகளை அங்கே இறக்குங்கள். நடுவை முதலில் நிரப்பினால் ஓரக் காம்புகள் எதிர்ச் சுவருக்குப் போக வழி இருக்காது. கோல்டன் ராட், ஜிப்சோபிலா மாதிரி பொடிப்பூக்கள் இடைவெளி நிரப்ப மட்டும்.

ஒரு கட்டத்தில் இரண்டு காம்புக்கு மேல் திணிக்காதீர்கள், பட்டை விலகும். ஒரே கட்டத்தில் குத்திக் குத்தி எடுத்தாலும் தளரும். எடுத்து வைப்பதாக இருந்தால் பூவை மேலே தூக்கி அளந்து பார்த்து, வெட்டி, ஒரே தடவையில் இறக்குங்கள்.

சுருள் கட்டு

இதற்கு டேப்பும் வேண்டாம், வலையும் வேண்டாம். கையிலேயே பூவை அடுக்கிக் கட்டி, கட்டோடு ஜாடியில் வைப்பது. கற்றுக்கொள்ள நாலைந்து தடவை பிடிக்கும். கைவந்துவிட்டால் எந்த வாய்க்கும் ஏற்றபடி கட்டலாம், தண்ணீர் மாற்றும்போது மொத்தமாகத் தூக்கி வைக்கலாம். வீட்டில் அடிக்கடி பூ வைப்பவர்கள் மற்றதை எல்லாம் விட இதைக் கற்றுக்கொள்வதுதான் லாபம்.

கட்டும் இடத்துக்குக் கீழே இலை, முள் எல்லாவற்றையும் முதலில் எடுத்துவிடுங்கள். நல்ல நேரான பூ ஒன்றை இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் லேசாகப் பிடியுங்கள். இரண்டாவது காம்பை அதன் முன்னால் சாய்வாக வையுங்கள்: பூத்தலை உங்கள் இடது தோள் பக்கம், காம்படி வலது பக்கம். மூன்றாவதும் அதே சாய்வு. நான்காவதும் அதே சாய்வு. மூன்று நான்கு காம்புக்கு ஒருமுறை கட்டைக் கால் சுற்றுத் திருப்பி, மறுபடி முன்பக்கத்திலேயே சேருங்கள். சாய்வு மட்டும் கடைசிவரை மாறக் கூடாது. இருபது பூவும் சேர்ந்த பின் கீழே பார்த்தால் காம்புகள் முறுக்கிய கயிறு மாதிரி ஒரே திசையில் சுழன்று விரிந்திருக்கும்.

ஏதாவது ஒரு காம்பு எதிர்த்திசையில் போய்விட்டால் கட்டே சொல்லிவிடும். அந்த இடம் புடைத்து நிற்கும், கட்டும்போது அந்தக் காம்பு நடுவில் நெரிபட்டு ஒடியும். அதைப் பிடித்து இழுக்காமல், அதற்குப் பிறகு வைத்ததை எல்லாம் பிரித்துச் சரிசெய்வதே வழி.

கட்டுவதற்கு வாழைநாரை மிஞ்ச எதுவும் இல்லை. கால் மணி நேரம் நனைத்து, இரண்டு மூன்று இழையைச் சேர்த்து, ஒரே இடத்தில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். பூ கட்டிப் பழகிய கைக்கு இறுக்கத்தின் அளவு தெரியும்: நார் நகரக் கூடாது, காம்பில் பள்ளமும் விழக் கூடாது. நைலான் நூலும் மெல்லிய கம்பியும் இளம் காம்பை அறுத்துவிடும். ரப்பர் பேண்ட் பிடிக்கும், ஆனால் ஜெர்பரா மாதிரி மென்காம்பை நசுக்கும்.

காம்படிகளை ஒரே மட்டமாக வெட்டி மேசைமேல் நிறுத்திப் பாருங்கள். சுருள் சரியாக விழுந்திருந்தால் முக்காலி மாதிரி தானாகவே நிற்கும். நின்றால் எந்த ஜாடியிலும் நிற்கும்.

இனி அளவு. 20 ரோஜாவும் ஆறேழு இலைக்காம்பும் சேர்ந்த கட்டு, நார் சுற்றிய இடத்தில் 4 முதல் 5 செ.மீ. தடிமன் வரும். அதற்கு 6 முதல் 8 செ.மீ. வாய் பொருத்தம். நார் சுற்றிய இடம் ஜாடியின் வாய்க்கு நேராக வர வேண்டும். 25 செ.மீ. உயர ஜாடி என்றால் நாருக்குக் கீழே 25 அல்லது 26 செ.மீ. விட்டு வெட்டுங்கள். நீளமாக விட்டால் கட்டு வாய்க்கு மேலே தனியாக எழும்பி ஒரு பக்கம் சாயும். குறைத்து வெட்டினால் தலைகள் வாயில் அமுங்கும், ஒருமுறை வெட்டியதைத் திரும்ப நீட்ட முடியாது. வாய் மிக அகலமாக இருந்தால் மேலே இரண்டு பட்டை டேப்பைக் கூட்டல் குறியாக ஒட்டி, ஒரு கால்பகுதியில் ஒரு சிறு கட்டாக நான்கு கட்டுகள் செய்து இறக்கலாம்.

கோழிவலை

உள்ளே தெரியாத பீங்கான், மண், உலோகப் பாத்திரங்களுக்கு உகந்தது. அகன்ற கிண்ணத்தில் கனமான பூவும் மரக்கிளையும் வைக்க இதுவே ஆகச் சிறந்தது. ஹார்டுவேர் கடையில் 2 அங்குலக் கண் உள்ள வலை கேளுங்கள். 1 அங்குலக் கண் வாங்கினால் சுருட்டிய பிறகு ஓட்டையே இல்லாமல் அடைந்துபோகும்.

15 செ.மீ. வாய், 10 செ.மீ. ஆழமுள்ள கிண்ணத்துக்கு ஏறக்குறைய 40க்கு 30 செ.மீ. துண்டு போதும். கையுறை போட்டுக்கொண்டு, வெட்டிய நுனிகளை உட்பக்கம் மடக்கி, தளர்வான பந்தாகச் சுருட்டுங்கள். மேலிருந்து பார்த்தால் மூன்று அடுக்குக் கண்கள் ஒன்றுக்கொன்று விலகித் தெரிய வேண்டும். ஒரு காம்பு மூன்று அடுக்கையும் துளைத்துப் போவதில்தான் பிடி இருக்கிறது. பந்து பாத்திரத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருந்து, அமுக்கினால் விறைத்து உட்கார வேண்டும். நடுவில் விளிம்புக்கு மேலே 2 செ.மீ. குவிந்திருக்கட்டும், அப்போதுதான் ஓரப் பூக்களைப் படுக்கை வாட்டத்திலும் செருக முடியும். மேலே டேப்பைக் கூட்டல் குறியாக ஒட்டிப் பூட்டுங்கள். பூட்டாவிட்டால், ஒரு கிளையைத் திருப்பும்போது வலையே பூவோடு மேலே வந்துவிடும்.

வெறும் இரும்புவலை பித்தளையையும் வெள்ளியையும் கீறும். அடியில் பிளாஸ்டிக் கிண்ணத்தை வைத்து அதற்குள் வலையை இறக்குங்கள். வேலை முடிந்ததும் கழுவி வெயிலில் காயவைத்தால் வலை பல முறைக்கு வரும்.

வலைக்குப் பதில் குச்சியும் உண்டு. ஜப்பானியப் பூ அலங்காரக் கலையான இக்கெபானாவில் உயர ஜாடிக்குக் குபாரி என்ற ஆப்புக் குச்சி வைப்பார்கள். ஜாடியின் உள்விட்டத்தைவிட 2 மி.மீ. நீளமாகப் பச்சைக் குச்சியை வெட்டி, விளிம்புக்கு ஒன்றரை செ.மீ. கீழே நெருக்கி மாட்ட வேண்டும். இரண்டு குச்சியைக் குறுக்காக மாட்டினால் வாய் நான்காகப் பிரிந்துவிடும். கனமான பீங்கானுக்கும் உலோகத்துக்கும் மட்டுமே இது சரி. மெல்லிய கண்ணாடியில் மாட்டினால் குச்சி தண்ணீரில் ஊறிப் பருத்து ஜாடியையே உடைக்கும்.

ஊசித்தட்டு

ஆழமில்லாத தட்டில் ஐந்தாறு பூவை மட்டும் வைத்து, ஒவ்வொன்றும் தனித்துத் தெரிய வேண்டுமானால் ஊசித்தட்டு வேண்டும். ஜப்பானியப் பெயர் கென்சான், 'வாள்மலை' என்று பொருள். ஈயக் கட்டையில் பித்தளை ஊசிகள் நெருக்கமாகப் பதிந்திருக்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கெபானாக் கலைஞர் ஒஹாரா உன்ஷின் தாழ்ந்த தட்டில் பூ வைக்கும் மொரிபானா முறையைக் கொண்டுவந்தார், இந்தக் கருவி அந்த முறையோடு சேர்ந்தே பரவியது.

7 செ.மீ. தட்டு தனியே கனமாகத்தான் இருக்கும், ஆனாலும் சாய்ந்த கிளை வைத்தால் தூக்கிக்கொள்ளும். தண்ணீரில் கரையாத ஒட்டுக்களிமண்ணைத் திரி மாதிரி உருட்டி, தட்டின் அடியில் வளையமாக ஒட்டி, உலர்ந்த கிண்ணத்தில் அமுக்கி ஒரு முறுக்கு முறுக்குங்கள். இங்கேயும் ஈரம்தான் எதிரி. தண்ணீர் ஊசி நுனிக்கு மேல் 1 செ.மீ. நிற்க வேண்டும்.

மென்காம்பை நேராகக் குத்தி, பிறகு வேண்டிய பக்கம் சாய்க்கவும். சாய்வாகவே குத்தினால் ஓரிரு ஊசியில்தான் மாட்டும். மரக்கிளையைச் சாய்வாக வெட்டி, அடியில் 1 செ.மீ. பிளந்து குத்தினால் பிளவுக்குள் ஊசி இறங்கும். ஊசியைவிட மெல்லிய காம்பு நிற்காது, அதை ரோஜாக் காம்புத் துண்டு ஒன்றோடு நூலால் சேர்த்துக் கட்டிக் குத்துங்கள். ஈயம் என்பதால் கையாண்ட பின் கை கழுவ வேண்டும்.

பச்சை ஃபோம்

தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் இந்தப் பச்சைக் கட்டி, காம்பைக் குத்தி நிறுத்துவதற்காக அமெரிக்காவின் ஒஹையோவில் 1954இல் வெர்னான் ஸ்மிதர்ஸ் உருவாக்கியது. ஓயாசிஸ் என்ற கம்பெனிப் பெயராலேயே இதைப் பலர் சொல்வார்கள். எந்தக் கோணத்திலும் காம்பு நிற்கும் என்பதால் மேடை அலங்காரம் முழுக்க இதில்தான் நடக்கிறது. ஆனாலும் வீட்டு ஜாடிக்கு இது வேண்டாம். இது மக்காத பிளாஸ்டிக், உதிரும் தூள் சாக்கடை வழியே நீர்நிலைக்குப் போய் அங்கேயே தங்கும். பிரிட்டனின் அரச தோட்டக்கலைக் கழகம் 2021இலிருந்து தன் கண்காட்சிகளில் இதை அனுமதிப்பதில்லை. மேலே சொன்ன வழிகள் எதுவும் ஒத்துவராமல் பயன்படுத்தித்தான் ஆக வேண்டும் என்றால், தண்ணீரின் மேல் மிதக்கவிட்டுத் தானாக மூழ்கும்வரை காத்திருங்கள். கையால் அமுக்கினால் வெளிப்புறம் மட்டும் நனைந்து உள்ளே காற்று நிற்கும், அங்கே போன காம்பு மறுநாளே வாடும். காம்பை 3 செ.மீ. ஆழத்துக்கு ஒரே குத்தில் இறக்க வேண்டும். வெளியே இழுத்தால் அடியில் காற்றுப்பை விழும். கழுவிய தண்ணீரைத் துணியில் வடிகட்டி, தூளைக் குப்பையில் சேருங்கள்.

பூவுக்குப் பூ குணம் வேறு

ஜெர்பராவுக்குக் காம்பு மெல்லியது, மேலே ரோமம், தலை கனம். ஆழத் தண்ணீரில் காம்பு அழுகிக் குழையும், அதனால் 5 முதல் 7 செ.மீ. தண்ணீர் போதும். கழுத்து வளைந்த பூ வந்திருந்தால் ஓர் அட்டையில் துளைகள் போட்டு, தலை அட்டையின் மேல் உட்காரக் காம்பைத் துளை வழியே தொங்கவிட்டு, நுனி தண்ணீரில் படும்படி ஓர் இரவு வையுங்கள். தொங்கும்போது தண்ணீர் ஏறுவதால் காம்பு நேராகிவிடும். அப்படியும் நிற்காத பூவுக்கு வெள்ளை ஜூஸ் ஸ்ட்ராவைக் காம்பின் மேல் மாட்டிக் கழுத்துக்கு 2 செ.மீ. கீழேவரை ஏற்றலாம்.

ஆந்தூரியக் காம்பு மெழுகு தடவினது மாதிரி வழுக்கும். ஏற்காட்டுப் பக்கம் விளையும் பெரிய பூவாக இருந்தால் இதயவடிவ முகம் சுற்றிக்கொண்டு சுவரைப் பார்க்கும். தண்ணீருக்குள் இருக்கும் பகுதியில் அதை ஒரு கெட்டியான இலைக்காம்போடு நாரால் கட்டிவிடுங்கள், திரும்பாது.

கிளாடியோலஸைப் படுக்கவைத்தால் நுனி வானத்தை நோக்கி வளைந்து அப்படியே விறைத்துவிடும், வாங்கியதிலிருந்து நிறுத்தியே வையுங்கள். நுனியிலுள்ள மூன்று நான்கு மொட்டைக் கிள்ளிவிட்டால் தலைப்பாரமும் குறையும், கீழ்ப்பூக்களும் நன்றாக விரியும். நிலச்சம்பங்கிக் கதிருக்கும் இதைச் செய்யலாம். அது வெளிச்சத்தை நோக்கிச் சாயும் என்பதால் தினமும் ஜாடியைக் கால் சுற்றுத் திருப்ப வேண்டும்.

லில்லியத்துக்கு இன்று மொட்டாக இருக்கும் தலை நாளை மறுநாள் கையகலம் விரியும், எடை முன்பக்கம் சாயும். அதை ஓரத்தில் வைக்காமல் நடுவுக்குப் பக்கமாக, தாழ்வாக வையுங்கள். விரிந்ததும் மகரந்தப் பைகளைக் காகிதத்தால் பிடித்துக் கிள்ளி எடுத்துவிட்டால் மேசை விரிப்பில் கறை விழாது. நீலகிரிக் கார்னேஷன் எந்தப் பிடியிலும் நன்றாக நிற்கும், கணுக்கள் டேப்பிலும் வலையிலும் மாட்டிக்கொள்ளும். ஆனால் கணுவில் அழுத்தினால் சட்டென்று ஒடியும், காம்பைக் கணுவுக்கு மேலே பிடித்துச் செருகுங்கள். பழுத்த வாழைத்தாருக்கும் மாம்பழக் கூடைக்கும் அருகில் கார்னேஷனை வைக்கவே கூடாது. பழத்திலிருந்து வரும் எத்திலீன் பட்டால் இதழ் சுருங்கி மூடிக்கொள்ளும்.

வைத்த பிறகு

முடித்ததும் ஜாடியைக் கால் கால் சுற்றாகத் திருப்பி நான்கு பக்கமும் பாருங்கள். விளிம்பை விரலால் லேசாகத் தட்டுங்கள். ஆடும் பூ இருந்தால் அதன் காம்பு அடியைத் தொடவில்லை என்று அர்த்தம். அடியில் முட்டும்வரை இறக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

மின்விசிறிக்கு நேர்கீழே வேண்டாம். காற்று பூவை ஆட்டி ஆட்டிப் பிடியைத் தளர்த்தும், தண்ணீரையும் வேகமாக வற்றவைக்கும்.

காரில் கொண்டுபோவதானால் தண்ணீரை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, ஜாடியை ஒரு வாளிக்குள் வைத்து, சுற்றிலும் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, முன்சீட்டுக்குப் பின்னால் தரையில் வையுங்கள். சீட்டின் மேல் வைத்தால் முதல் பிரேக்கிலேயே உருளும். போய்ச் சேர்ந்ததும் மீதித் தண்ணீர்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும். சுருள் கட்டைத் தூக்கி வைத்துவிட்டு ஜாடியைக் கழுவலாம், அடியில் 1 செ.மீ. புதிதாக வெட்டவும் செய்யலாம். டேப்பிலும் வலையிலும் வைத்ததைக் கலைக்க வேண்டாம்: ஜாடியைத் தொட்டிக்குள் வைத்து, மெல்லிய ரப்பர் குழாயை ஒரு ஓரமாக அடிவரை விட்டு, குழாய்த் தண்ணீரை மெதுவாகத் திறந்துவிடுங்கள். பழைய தண்ணீர் மேலே வழிந்து போய்விடும். தெளிந்த தண்ணீர் வழியத் தொடங்கியதும் குழாயை எடுத்து, ஜாடியைக் கொஞ்சம் சாய்த்து 2 செ.மீ. தண்ணீரைக் கொட்டி, விளிம்பைத் துணியால் ஒற்றி எடுங்கள்.